மலைநாட்டு யானையும் பெருந்துளைத் துவக்கும்

துப்பாக்கியைத் துவக்கு என்பது ஈழநாட்டு வழக்கு. துருக்கியர் வாய்ச்சொல் ஒன்று பல நாடுகளைக் கடந்து வந்து, தமிழகத்தில் துப்பாக்கி என்றும் நம் நாட்டில் துவக்கு என்றும் நிலைபெற்றது என்பர். பெயர் எவ்வாறாயினும், அதன் உறுப்புகளின் பெயர்களை ஒன்றோடொன்று மயக்கி வழங்குதல் இன்றும் கண்கூடு. குண்டு வேறு, தோட்டா வேறு. பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பற்றுவிக்கும் தொப்பி, உள்ளே வெடிமருந்து, வாயிலே குண்டு ஆகிய நான்கும் கூடியதே தோட்டா. பறந்து சென்று தாக்குவது குண்டு ஒன்றே. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோமாக.

தமிழாசிரியனுக்கு வெடிமருந்துச் சாலையில் என்ன அலுவல் என வினவுவார் உளர். விடை எளிது. நோர்வூட்டைச் சூழ்ந்த தோட்டங்களில், பழைய துரைமாரின் யானைத் துவக்கைப் பற்றிய கதைகள் லயங்கள்தோறும் வழங்குகின்றன. துரை சுட்ட ஒரே குண்டில் கொம்பன் யானை பத்தடி பின்னே தூக்கி எறியப்பட்டதாம். இக்கதையை மாணாக்கர் வகுப்பறைக்குக் கொணர்ந்து, “இது நடக்கக்கூடியதா?” என்று கேட்கின்றனர். அணியிலக்கணம் கற்பிப்போர் இதனை உயர்வு நவிற்சி என்று கூறி விட்டுவிடலாம். ஆனால், உயர்வு நவிற்சி எங்கே தொடங்குகிறது என்று காட்ட வேண்டுமாயின் உண்மை எங்கே முடிகிறது என்று அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? ஆதலின் பௌதிக ஆசிரியராகிய நண்பரொருவரைத் துணைகொண்டு யாம் தேடிக் கண்டவற்றை ஈண்டு எழுதலாயினோம்.

முதற்கண் அளவுமுறையைக் காண்போம். பழைய ஆங்கிலத் துவக்குகளின் துளையை அங்குலத்தாற் கூறாது எண்ணாற் கூறினர். ஓர் இறாத்தல் தூய ஈயத்தை, குழலின் துளைக்குப் பொருந்தும் உருண்டைகளாக வார்த்தால் எத்தனை உருண்டை வருமோ அத்தனையே துளை எண். நான்கு உருண்டை வரின் நான்காந் துளை. பன்னிரண்டு வரின் பன்னிரண்டாந் துளை. எனவே எண் சிறுக்கத் துளை பெருக்கும். நான்காந் துளையின் விட்டம் 1.052 அங்குலம், எட்டாந் துளையினது 0.835, பன்னிரண்டாந் துளையினது 0.729. நான்குக்கும் எட்டுக்கும் இடையே குண்டின் நிறை இரு மடங்கு வேறுபட, விட்டமோ ஏறத்தாழக் கால் பங்கே வேறுபடுகின்றது. உருண்டையின் கனவளவு விட்டத்தின் முப்படியாக வளர்வதே இதற்குக் காரணம். கணித வகுப்பில் முப்படிமூலம் எதற்கு என்று சலிக்கும் மாணவனுக்கு இதனைக் காட்டலாம்.

இனி, நம் மலைநாட்டில் இத்துவக்குகளைத் தூக்கித் திரிந்தவருள் புகழ்பெற்ற ஒருவரைக் காண்போம். சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848 ஆம் ஆண்டு முதல் 1855 ஆம் ஆண்டு வரை நுவரெலியாவிற் குடியிருந்தார். பின்னர் ஆபிரிக்கா சென்று நைல் நதியின் தோற்றுவாயைத் தேடி ‘சேர்’ பட்டம் பெற்றவரும் இவரே. இலங்கையில் தாம் ஆடிய வேட்டையைப் பற்றி நூல்கள் எழுதினார். முதுமையில், 1890 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் தம் பழைய ஆயுதங்களைப் பற்றி நுணுக்கமாகக் குறித்துள்ளார். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் கொல்லர் 1840 ஆம் ஆண்டு அவருக்குச் செய்து கொடுத்த ரைபிளின் நிறை 21 இறாத்தல். அதாவது ஒன்பதரைக் கிலோகிராம். குழலின் நீளம் 36 அங்குலம். குழலுள் இரண்டே சுரிப்பள்ளங்கள். அவற்றிற் பொருந்துமாறு இடுப்பிற் பட்டி கட்டியது போன்ற விளிம்புடன் வார்த்த ஈயவுருண்டையின் நிறை 3 அவுன்சு. கூம்புருக் குண்டாயின் 4 அவுன்சு. ஒரு வெடிக்கு 16 திராம் கருமருந்து. அது 28 கிராம். அக்காலத்துச் சாதாரண வேட்டைக்காரர் இட்ட மருந்தோடு ஒப்பிட்டால் இது பெருவிருந்து எனலாம்.

இத்துணைப் பெரிய துளை எதற்கு? பகட்டுக்கு என்று சிலர் கருதுவர். அன்று. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. எரியும்போது அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது வாயுவாகாது, கரியும் சாம்பலுமாகிக் குழலிலும் காற்றிலும் தங்கிவிடுகிறது. ஆதலின் எவ்வளவு இட்டாலும் குண்டின் வேகம் ஓர் எல்லைக்கு மேற் செல்லாது. வேகத்தைக் கூட்ட வழியில்லாதவன் திணிவையே கூட்ட வேண்டும். குண்டை நீளமாக்கித் திணிவைக் கூட்டலாமே எனின், மென்மையான ஈயம் பெருமருந்தின் அழுத்தத்தால் சுரிப்பள்ளத்தைப் பற்றாது வழுக்கிவிடும் என்னும் அச்சம் இருந்தது. எஞ்சியது குண்டைப் பருமனாக்கும் வழி ஒன்றே. பேக்கரின் இரு பள்ளங்களும் பட்டியுருண்டையும் அவ்வச்சத்துக்குக் கண்ட பரிகாரமாகும்.

மற்றொரு தீங்கும் உண்டு. 28 கிராம் மருந்து எரிந்தால் அதிற் பாதி புகையாய் முன்னே நிற்கும். மூடுபனி இறங்கிய மலைக்காட்டில் அப்புகை விரைவிற் கலையாது. சுட்டவன் கண்ணுக்கு யானை விழுந்ததா, வருகின்றதா என்பது சில கணம் தெரியாது. வாய்வழி மருந்திட்டுக் கெட்டித்து மறுபடி நிரப்புதற்கோ நேரம் போதாது. ஆகவே வேட்டைக்காரர் ஒவ்வொருவர் பின்னும் நிரப்பிய துவக்குகளைத் தாங்கிய ஆட்கள் கையெட்டும் தூரத்தில் நின்றனர். முதல் துவக்கு வெடித்ததும் இரண்டாவதை நீட்டுவது அவர்கள் கடன். யானை பாய்ந்து வரும்போது ஆயுதத்தைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர் எவர் என்பதை வாசகர் சிந்திப்பாராக. வேட்டை நூல்களில் துவக்கின் கொல்லன் பெயர் தவறாது காணப்படும். துவக்குத் தாங்கியவன் பெயர் அருகியே காணப்படும்.

நிற்க. யானை தூக்கி எறியப்பட்ட கதைக்கு வருவோம். பிற்காலத்து ஆங்கிலத் தோட்டாக்களுள் மிகப் பெரிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஜெஃப்ரி கொம்பனியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்பதன் குண்டு 900 கிரெயின், அதாவது 58 கிராம் நிறையுடையது. அதன் வேகம் செக்கனுக்கு 1950 அடி, ஏறத்தாழ 594 மீற்றர். திணிவை வேகத்தாற் பெருக்கின் வருவது உந்தம். இங்கே அது 34.6 அலகு. இவ்வுந்தம் முழுவதையும் 3000 கிலோகிராம் நிறையுள்ள யானையொன்று வாங்கிக்கொள்வதாகக் கொள்வோம். அப்போது யானைக்குக் கிடைக்கும் வேகம் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றரும் சிறிதும் ஆகும். எறும்பு ஊரும் வேகம் அது! மேலும், குண்டு முன்னே செல்லும்போது அதே அளவு உந்தம் துவக்கையும் அதைப் பிடித்தவர் தோளையும் பின்னே தள்ளுகிறது; வெளியேறும் வாயுவின் தள்ளுதலும் அதனோடு சேரும். யானையைத் தூக்கி எறியவல்ல குண்டு முதலில் துரையைத் தூக்கி எறிந்திருக்கும்.

ஆயின் யானை வீழ்ந்தது பொய்யா? பொய்யன்று. மூளையிற் பட்டால் எந்தப் பெருவிலங்கும் நின்ற இடத்திற் கால் மடங்கும். தள்ளப்பட்டு வீழ்வதன்று அது. தாங்கும் ஆற்றல் அற்று வீழ்வது. ஆகவே குண்டின் பயன் எதில் உள்ளது என்னும் கேள்வி, அது எவ்வளவு ஆழம், எவ்வளவு நேராகச் செல்லும் என்னும் கேள்வியாக மாறுகின்றது.

ஆழத்தைத் தீர்மானிப்பது குண்டின் முழு நிறையன்று. அதன் முகத்துப் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் பின்னே எவ்வளவு நிறை தொடர்கிறது என்பதே. கடப்பாரையையும் பூசணிக்காயையும் ஒரே உயரத்திலிருந்து சேற்றில் இட்டுப் பார்த்தால் இது விளங்கும். பேக்கரின் 3 அவுன்சு உருண்டையைத் தூய ஈயக் கோளமாகக் கணித்தால் விட்டம் 24 மில்லிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 18 கிராம் சுமை. இனி, மான் வேட்டைக்கு உரியதென்று பலர் கருதிய 7 மில்லிமீற்றர்த் தோட்டாவைப் பாருங்கள். ரிக்பி கொம்பனியார் அதனை .275 என விற்றனர். அதன் நீண்ட குண்டு 173 கிரெயின், பதினொரு கிராம் மாத்திரமே. பேக்கரின் உருண்டையில் ஏழரையில் ஒரு பங்கு. ஆனால் அதன் முகப்பரப்போ பதினொன்றில் ஒரு பங்கு. ஆகவே சதுர சென்ரிமீற்றருக்குச் சுமை 27 கிராம். கோலிபோற் சிறியது குன்றுபோற் பெரியதை ஒன்றரை மடங்காக வென்றுவிடுகிறது! யாம் இக்கணக்கைக் கண்டபோது நம்பாது, நண்பரைக் கொண்டு இருமுறை சரிபார்த்தோம்.

குண்டின் பொருளையும் மறத்தலாகாது. தூய ஈயம் எலும்பிற் பட்டதும் அப்பம்போல் விரியும். விரிந்தால் முகப்பரப்புக் கூடும், ஆழம் குறையும். புலி, மான் ஆகியவற்றுக்கு அவ்விரிவு வேண்டற்பாலது. யானையின் மண்டைக்கு அதுவே கேடு. யானை மண்டையோடு திண்ணிய கற்பாறை போன்றதன்று. தேனடைபோற் காற்றறைகள் நிறைந்து பருத்தது. மூளையோ அதன் உள்ளே, பின்புறமாகத் தாழ்ந்து கிடக்கும் ஐந்து கிலோகிராம் அளவினதான ஒரு பொருள். பெருந்தலையைக் கண்டு எங்குச் சுட்டாலும் படும் என்று எண்ணுவோன் ஏமாறுவான். இதனாலேயே பேக்கரும் தடித்த தோல் விலங்குகளுக்குக் கடினமாக்கிய ஈயமே வேண்டும் என்றார். அக்காலத்திற் பெருவழக்காயிருந்த குழிகுண்டுகளை, நிறை குறைந்தவை, பட்டதும் சிதறுபவை எனக் கண்டித்தார். ஜேம்ஸ் பர்டி என்னும் கொல்லர் 1856 ஆம் ஆண்டில் தம் விரைவு ரைபிளுக்குப் புகையிரதத்தின் பெயரைச் சூட்டியதிலிருந்து ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் சொல் வேட்டையுலகைப் பற்றிக்கொண்டது. மெல்லிய குண்டு, மிகுந்த மருந்து, மிகுந்த வேகம் என்பதே அதன் கொள்கை. பெயரின் கவர்ச்சிக்கு ஆட்பட்டு அதனை யானைமேற் பிரயோகித்தோர் தோலைப் புண்படுத்தியதன்றி வேறு கண்டிலர்.

இவ்விடத்தில் நம் இலங்கை யானை ஆராய்ச்சிக்கு வழங்கிய ஒரு பெரிய பாடம் உண்டு. இங்கே பேக்கர், தம்மை நோக்கிப் பாய்ந்து வரும் யானையின் நெற்றியைக் குறிவைத்துச் சில அடி தூரத்தில் சுட்டு வீழ்த்தப் பழகியிருந்தார். அந்நம்பிக்கையோடு 1860 களில் ஆபிரிக்கா சென்றவருக்கு அங்கே நெற்றிவேட்டு நம்பத்தகாததாயிற்று. மண்டையின் அமைப்பும், தலையை ஏந்தும் வகையும், மூளை கிடக்கும் நிலையும் அங்கே வேறு. குறிபார்க்கும் கண்ணும் கையும் அவையே. இலக்கின் எலும்பு மாத்திரம் வேறு. இத்தனைக்கும் அப்பயணத்தில் அரை இறாத்தல் வெடிகுண்டு எறியும் 20 இறாத்தல் துவக்கொன்றையும் அவர் கொண்டுசென்றிருந்தார். ஹொலண்ட் கொம்பனியார் செய்த அதற்குக் ‘குழந்தை’ என்று செல்லப்பெயர்; அராபியரான ஏவலாளரோ ‘பீரங்கியின் பிள்ளை’ என்றனர். தோட்டாவின் வலிமையைப் பட்டியலில் எண்ணாக எழுதி வைத்தல் ஏன் போதாது என்பதற்கு இதனினும் தக்க சான்று யாம் அறியோம்.

இதனை முற்றாக உணர்ந்தவர் ஸ்கொட்லாந்தரான பெல் என்பவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றுட் பெரும்பாலானவற்றை மேலே கூறிய 7 மில்லிமீற்றர்க் குண்டாற் கொன்றார். இறந்த யானையின் மண்டையை வாளால் அறுத்து, மூளை எத்திசையிலிருந்து எவ்வாறு தோன்றும் என்று கற்றவர் அவர். வென்றது துவக்கன்று, உடற்கூற்று அறிவே. எனினும் அவரைப் பின்பற்றிச் சிறு துளையோடு காடு புகுந்தோர் பலர் மீளவில்லை. அடர்காட்டிற் பாய்ந்து வரும் யானையிடம் மூளை தேட நேரமில்லை. குறி சிறிது தவறினும் விலங்கைத் திகைக்கச் செய்து திருப்பும் ஆற்றல் பெருந்துளைக்கு உண்டு என்பதை அனுபவமுள்ளோர் ஒருமித்துக் கூறுகின்றனர். ஜோன் ரெய்லர் என்னும் வேட்டைக்காரர் 1948 ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இத்திகைப்பை எண்ணாக்க முயன்றார். குண்டின் நிறை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7000 ஆல் வகுத்தார். அவ்வாறு கணித்தால் .600 ஏறத்தாழ 155 உம், .275 பதினாறும் பெறும். பௌதிக விதி எதிலிருந்தும் பிறவாத வாய்பாடு இது. இத்திகைப்பு ஒன்றுக்கன்றி வேறெதற்கும் இதனை அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பது எம் கருத்து.

இனி மருந்தின் மாற்றம். 1889 ஆம் ஆண்டில் ஏபெல், டியூவர் என்னும் இரு விஞ்ஞானிகள் கோடைற் என்னும் புகையற்ற மருந்தைக் கண்டனர். கயிறு போன்ற இழைகளாயிருந்தமையால் அப்பெயர். புகை நீங்கிற்று, வேகம் கூடிற்று. 1898 ஆம் ஆண்டில் ஜோன் ரிக்பி இதனைப் பழைய .450 கோதில் இட்டு, உலோக உறை போர்த்த குண்டோடு வெளியிட்டார். குண்டு 31 கிராம், வேகம் செக்கனுக்கு 655 மீற்றர், இயக்கசத்தி 6,650 யூல் அளவு. முகப்பரப்பில் சதுர சென்ரிமீற்றருக்கு 29 கிராம். பின்வந்த .577, .600 என்னும் பெரியவற்றின் சத்தி முறையே 9,500, 10,300 யூல் அளவு. ஆனால் .600 குண்டுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு உள்ள சுமையைக் கணித்தால் 30 கிராமே வருகிறது. நிறை இரு மடங்காகியும் துளைக்கும் தகுதி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது! மிகுதியாகக் கிடைத்தது அகலமும் திகைப்பும் தோள்வலியும். அரையங்குலத்துக்குக் குறைந்த துளைகளே வேட்டைக்காரரிடம் நிலைத்தமைக்கு இக்கணக்கே போதிய விளக்கம்.

கோடைற்றுக்கு ஒரு குணம் உண்டு. வெப்பம் ஏறினால் அது சீற்றங்கொள்ளும். இங்கிலாந்தின் குளிரிற் பொறுமையாயிருந்த தோட்டா, வெப்ப நாட்டு வெயிலில் காய்ந்தால் அமுக்கம் மிகுந்து, கோது குழலின் அடியில் இறுகிக்கொள்ளும். வெடித்தபின் கோது வெளிவராவிட்டால் இரண்டாவது வேட்டு இல்லை. நோர்வூட்டு விடியற்குளிரில் ஒழுங்காயிருந்த தோட்டா, அம்பாந்தோட்டை நண்பகலில் அவ்வாறிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதனாலேயே ஆங்கிலக் கொல்லர் கோதுகளை வேண்டியதினும் நீளமாகச் செய்து, அமுக்கத்தைச் சதுர அங்குலத்துக்குப் பதினேழு தொன் அளவிலே தாழ்த்தி வைத்தனர். மூன்றேகால் அங்குலக் கோதைப் பார்த்துப் ‘பயங்கர வலிமை’ என்று வியப்போர், அந்நீளம் பொறுமைக்காக விட்ட இடம் என்பதை அறியார். இரட்டைக் குழல் ரைபிளில் மேலும் ஓர் உண்மை மறைந்துள்ளது. இரு குழல்களும் ஒரே புள்ளியிற் படுமாறு, குறித்த ஒரு தோட்டாவைச் சுட்டுச் சுட்டுப் பார்த்துக் கொல்லர் அவற்றைப் பிணைப்பர். வேறு மருந்தோ வேறு குண்டோ இட்டால் இரண்டும் இருவேறு வழி செல்லும். துவக்கின் விலையிற் பெரும்பகுதி இவ்விணைப்புக்கே போயிற்று.

பெயர்களின் பெருக்கத்துக்கு அரசியலே காரணம். பழைய இராணுவ மார்ட்டினி–ஹென்றி ரைபிளின் துளை .450 ஆதலால், கலகக்காரர் கையில் தோட்டா சேரும் என அஞ்சி, 1907 ஆம் ஆண்டளவில் இந்தியாவிலும் சூடானிலும் அத்துளையைத் தடுத்தனர். உடனே .465, .470, .475, .476 என ஒவ்வொரு கொம்பனியும் ஒரு மயிரிழை வேறுபட்ட துளையைப் படைத்தது. யானைக்கு இவற்றின் வேற்றுமை தெரிந்திராது. பின்னர் 1911 இல் ரிக்பியின் .416 உம், 1912 இல் ஹொலண்ட் அன்ட் ஹொலண்டின் .375 உம் வந்தன. இவற்றுள் .375 இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. பழைய பெருந்துளைத் தோட்டாக்களைச் செய்துவந்த கைனொக் ஆலை 1960 களில் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திற்று.

துவக்கின் பயனை அளக்க வேறொரு கணக்கும் உளது. அதனை ஆங்கில நூல்களே தருகின்றன. மேஜர் ரொஜர்ஸ் என்னும் படைத்தலைவர் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றார் என்பது வழக்கு. 1845 ஆம் ஆண்டு யூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். நுவரெலியாவில் அவர் கல்லறை உளது. போர்க்களத்தில் ஆயிரம் யானையைக் கொன்ற வீரனுக்குப் பரணி பாடுவது தமிழ் மரபு. எதிர்ப்படைக் களிறு அது, மேலே வேலேந்திய வீரன் இருப்பான். ரொஜர்ஸ் எண்ணிக்கை பரணிக்கு வேண்டியதினும் மிகுந்தது. களம் மாத்திரம் இல்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்னும் பழமொழியும் இங்குப் பொருந்தாது. இலங்கை ஆண் யானைகளுட் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே இல்லை. இறந்த யானைக்குக் கிடைத்தது, பயிரைக் காத்தற்கென அரசாங்கம் கொடுத்த சன்மானம். அச்சன்மானத்தின்படி, 1848 ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தில் மாத்திரம் 3,500 க்கு மேலும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 உம் கொல்லப்பட்டன எனக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார்.

மலைநாட்டிலோ துவக்கோடு கோடரியும் வேலை செய்தது. டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளின் காடு கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் வீழ்த்தப்பட்டது. ஹோர்டன் சமவெளியில் இன்று யானை இல்லை. டெனன்ற் தந்த எண்கள் சன்மானம் வாங்கப்பட்ட உடல்களின் எண்கள். நெற்றியிற் படாது தோளிலோ வயிற்றிலோ ஈயம் தங்கிக் காட்டுக்குள் மறைந்தவற்றுக்குச் சன்மானம் இல்லை. ஆகவே அவற்றுக்குப் பதிவும் இல்லை.